சோகமில்லாதவர்களுக்கான மாத்திரை

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை காரைக்கால் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது நீ கேட்டாய்: "நான் சோகமா இல்லப்பா. எனக்கு எதுக்கு இந்த மாத்திரை?" அதற்குள் பஸ் வந்துவிட்டது. நீ ஏறிவிட்டாய். ஜன்னல் வழியாகச் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை வாங்கியிருக்கிறாய். பிரிக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இங்கே வந்து, அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு போனாய். தை மாதம் உனக்குக் கல்யாணம். அது முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாய். பெண் வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்றாய். இரண்டிலும் நான் உன்னோடு ஒத்துப்போகவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பக்கங்கள். இதில் யார் பெயரையும் எழுதப்போவதில்லை. உன் பெயர், என் பெயர், டாக்டர் பெயர், எதுவும் இல்லை. பிரிக்காத மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வேறு எவனாவது எங்காவது உட்கார்ந்திருந்தால், அவனிடமும் நீ இதைக் கொடுக்கலாம்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா, முதலில் அதைப் பார்க்கிறேன். காரைக்காலில் உன் கரண்ட் ஆபீஸ் வேலையில், லைன்மேன் கம்பத்தில் ஏறும் முன்பு நீ மின்சாரத்தை நிறுத்துகிறாய். அவர் வேலையை முடித்து இறங்குகிறார். இறங்கிவிட்டேன் என்று உன்னிடம் வந்து சொல்கிறார். பீடி பற்றவைக்கிறார். நீ பார்க்கிறாய். மின்சாரத்தைத் திறந்துவிடுகிறாய். பிறகு நீ தங்கியிருக்கும் ஜாகைக்குப் போகும் வழியில், பாதித் தெருவில், ஒரு நினைப்பு. இன்னொருவன் மேலே இருந்திருந்தால்? இருந்திருக்க முடியாது என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பிப் போகிறாய். கம்பத்தடியில் நின்று மேலே பார்க்கிறாய். மறுபடி ஜாகை, மறுபடி கம்பம். "சார் வந்துட்டாருடா, எல்லாரும் ஒரு தபா கையக் காலை ஆட்டிக் காட்டுங்க" என்று லைன்மேன்கள் கிண்டல் செய்கிறார்கள். இதை நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சிரித்தேன். இரண்டு சிரிப்பும் பொய்.

எனக்கு அது அரியாங்குப்பம் பாலத்தில் தொடங்கியது. முத்தியால்பேட்டையிலிருந்து, பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போவேன். பழைய பாலம், குறுகல். ஒரு பக்கம் பஸ் வந்தால் மறுபக்கம் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போக வேண்டும். வீராம்பட்டினத்துப் பெண்கள் மீன்கூடையோடு மார்க்கெட்டுக்கு எதிரே வருவார்கள். ஒருநாள் ஒரு கூடையின் விளிம்பு என் தோளில் உரசியது. அவ்வளவுதான். பாலத்தைத் தாண்டி, கடைகளைத் தாண்டி, பள்ளிக்கூடத்தின் வாசல் வரை வந்துவிட்டேன். அங்கே அந்த நினைப்பு வந்தது. அந்தப் பெண் தடுமாறி ஆற்றில் விழுந்திருந்தால்? திரும்பிப் போனேன். பாலத்தில் யாரும் கூச்சல் போடவில்லை. ஆறு தன் பாட்டுக்கு இருந்தது. நிம்மதியாகத் திரும்பினேன். அந்த நிம்மதி வாசல்வரைகூட வரவில்லை. நான் சரியாகப் பார்த்தேனா? தூணுக்கு அந்தப் பக்கம் பார்த்தேனா? மறுநாள் கூடை உரசக்கூட இல்லை. பக்கத்தில் ஆள் வந்தாலே போதும் என்றாகிவிட்டது. பிறகு ஆளும் தேவைப்படவில்லை. சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கினால், அது கல்தானா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். கல்தான். ஆனால் இந்தக் கல்தானா?

நான் சென்னையில் தத்துவம் படித்தவன். அங்கே சந்தேகப்படுவதைப் பெரிய குணமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் இதை நான் நோய் என்று நினைக்கவில்லை. மற்றவர்கள் மேலோட்டமாக வாழ்கிறார்கள், நான் ஆழமாக வாழ்கிறேன், பிறர் உயிர்மேல் எனக்கு அக்கறை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். பார், எவ்வளவு வசதியான விளக்கம். அக்கறை உள்ளவன் ஒரு முறை திரும்பிப் பார்ப்பான். யாரும் விழவில்லை என்று கண்டால் அவன் மனம் அடங்கிவிடும். எனக்கு அடங்கவில்லை. கண் சொல்வதை மனம் ஒத்துக்கொள்ளாத நிலை அது. அதில் ஆழம் எதுவும் இல்லை. வெறும் களைப்பு.

ஒரு மீன்காரம்மா என்னைக் கவனித்துவிட்டார். தினமும் அவரைக் கடந்து போவேன், திரும்பி வருவேன், முகத்தைப் பார்ப்பேன், மறுபடி போவேன். ஒருநாள் பாலத்தின் நடுவில் கூடையை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார். "இன்னா வாத்தியாரே, டெய்லி திரும்பித் திரும்பி வந்து மூஞ்சியப் பாக்குற? ஊட்ல பொண்டாட்டி இல்லியா?" கூட வந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு அடியில், சொன்னால் நம்பமாட்டாய், பெரிய ஆறுதல். திட்டுகிறார் என்றால் உயிரோடு இருக்கிறார்.

நீ சின்னவனாக இருந்தபோது லீவு நாட்களில் சைக்கிள் பாரில் உட்கார்ந்து என்னோடு வருவாய். நான் திரும்பினால் நீ கேட்பாய், ஏம்பா மறுபடி போறோம் என்று. முதலில் ஏதாவது சொல்லி மழுப்பினேன். பிறகு உன்னையே கேட்க ஆரம்பித்தேன். "அங்க யாராவது விழுந்திருக்காங்களா, நல்லாப் பாரு." நீ எட்டிப் பார்த்து, "யாரும் இல்லப்பா" என்பாய். உன் கண் என் கண்ணைவிட நம்பகமாக எனக்குத் தோன்றியது. கொஞ்ச நாளில் நான் கேட்பதற்கு முன்பே நீ சொல்ல ஆரம்பித்தாய். பாலம் வந்தால் போதும், "யாரும் இல்லப்பா, போலாம்." உனக்கு அது விளையாட்டு. இப்போது உனக்கும் இது வந்திருக்கிறது என்று தெரிந்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். நான்தான் கற்றுக்கொடுத்தேனா? என் டாக்டரிடம் கேட்டேன். சில குடும்பங்களில் வருவதுண்டு, கற்றுக்கொடுத்து வருகிற நோய் இல்லை சார் என்றார். அதை நான் பாதி நம்புகிறேன். மீதிப் பாதியை வைத்துக்கொண்டு இருக்கப் பழகிவிட்டேன்.

வீட்டில் உன் அம்மாவிடம் கேட்பேன். "இன்னைக்கு யாரையாவது இடிச்சிருப்பேனா?" அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே "இல்லங்க" என்பாள். "எப்படிச் சொல்ற? நீ அங்க இல்லையே." "இடிச்சிருந்தா இந்நேரம் ஊரே வந்திருக்கும்ங்க." அந்தப் பதில் சோறு வேகும்வரை தாங்கும். பிறகு மறுபடி கேட்பேன். பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாவது அதிகமாகி, தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திய பிறகுதான் டாக்டரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அப்ஸெஷனல் நியூரோசிஸ் என்று பெயர் சொன்னார். நீங்கள் மட்டும் இல்லை, கை கழுவுகிறவர்கள், பூட்டை இழுத்துப் பார்க்கிறவர்கள், என்னைப் பார்க்க நிறைய பேர் வருகிறார்கள் என்றார். ஒரு மாத்திரை எழுதினார். அப்போது அது இங்கே கடைகளில் சுலபமாகக் கிடைக்கவில்லை. சீட்டைக் கொண்டுபோய் உன் மாமாவிடம் கொடுத்தோம். மாமாவின் மகன் பிரான்சில் இருந்தான். அவன் அங்கே ஒரு டாக்டரைப் பார்த்து வாங்கி, ஊருக்கு வருகிறவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். அங்கேதான் எங்கள் கதை கோணலானது.

உன் மாமா பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா, அதாவது சிப்பாய். சைகோனில் இருந்தவர். பென்ஷன் வாங்கிக்கொண்டு கோட்டு போட்டு நடந்தவர். பிரெஞ்சில் அச்சடித்த எது வீட்டுக்கு வந்தாலும் அதைப் படித்துச் சொல்லும் உரிமை அவருடையது. சோப்பு உறையைக்கூட வாய்விட்டுப் படிப்பார். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். உன் அம்மாவும் நானும் எதிரே உட்கார்ந்திருந்தோம். "அலோர், கேட்டுக்கோ" என்று பாதிப் பிரெஞ்சில் தொடங்கினார். உதட்டை அசைத்துக்கொண்டே கொஞ்ச தூரம் போனார். பிறகு தாளைத் தாழ்த்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். "மாப்ள, இது சோகத்துக்கு. மனசு ஒடஞ்சவங்க சாப்புடறது. தெளிவாப் போட்டிருக்கான்."

"சோகமா?" என்றாள் உன் அம்மா. "இவருக்கு இன்னா சோகம்?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? பாலம் கீலம்லாம் சும்மா. உள்ள ஒரு சோகம் இருக்கு. அதான் இப்பிடி வெளிய வருது."

அன்று சாயங்காலம் உன் அம்மா முறத்தில் அரிசியோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அரிசியைப் புடைக்கவில்லை. "என்னக் கட்டிக்கிட்டதுல இன்னா கொற? சொல்லிடுங்க. இன்னிக்கே சொல்லிடுங்க. அப்புறம் மாத்திர முழுங்கி மாத்திர முழுங்கி மனசுக்குள்ளயே வெச்சிருந்து என்னப் பாவியாக்காதீங்க." ஒரு குறையும் இல்லை என்றேன். "அப்ப அந்தத் தாளு பொய் சொல்லுதா? பிரான்சுக்காரன் பொய்யா அச்சடிப்பான்?" பொய் என்று சொல்ல இந்த ஊரில் யாருக்குத்தான் தைரியம்?

தம்பி, இனி நான் சொல்லப்போவது உனக்கு வேடிக்கையாக இருக்கும். எனக்கு அந்தச் சோகம் பிடித்துப்போய்விட்டது. சோகம் மரியாதையான நோய். அதற்குக் கதை உண்டு. ஏன் என்று கேட்டால், சின்ன வயதில் அப்பா போய்விட்டார் என்று சொல்லலாம். கேட்டவர் தலையசைப்பார். யாரும் விழாத பாலத்துக்கு ஏன் திரும்பிப் போகிறாய் என்றால் அதற்குக் கதை இல்லை. ஆகவே நான் சோகக்காரனாக இருக்கச் சம்மதித்தேன். குடும்பம் முழுவதும் சேர்ந்து என்னைச் சந்தோஷப்படுத்தத் தொடங்கியது. அம்மா சாயங்காலம் ஆனால் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு கடற்கரைக்கு அழைத்துப் போவாள். சுண்டல் வாங்கித் தருவாள். நான் சாப்பிடும்போது முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், மருந்து கொடுத்துவிட்டுப் பார்க்கிற மாதிரி. உன் மாமா என்னைப் பெத்தாங்க் ஆட இழுத்துப்போனார். பென்ஷன்காரர்கள் மணலில் இரும்புக் குண்டை எறிந்து ஆடுவார்களே, அது. கனமான குண்டு. யார் காலில் போய் விழுமோ என்று நான் எறிந்த குண்டின் பின்னாலேயே ஓடினேன். "மாப்ள, குண்ட வீசிட்டு இங்கயே நிக்கணும்யா! நீ ஏன் அதுக்குத் தொணைக்குப் போற?" என்று மாமா கத்துவார். என்னைச் சந்தோஷப்படுத்த அதைவிட மோசமான விளையாட்டை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இதற்கிடையில் மாத்திரை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் நல்லதாக எதுவும் தெரியவில்லை. வாய் வறண்டது. பாடம் நடத்தும்போது நாக்கு சாக்கட்டி மாதிரி இருந்தது. விரல் லேசாக நடுங்கி, கரும்பலகையில் என் எழுத்து பிள்ளைகளின் எழுத்து மாதிரி ஆனது. மலச்சிக்கல். சட்டென்று எழுந்தால் தலை சுற்றல். இதையெல்லாம் மறைக்காமல் சொல்கிறேன். உனக்கு இதில் சில வரலாம், வராமலும் போகலாம். வந்தால் டாக்டரிடம் சொல். நீயாகக் கூட்டாதே, நீயாகக் குறைக்காதே, என் அளவை உன் அளவாக எடுத்துக்கொள்ளாதே. பல வாரம் கழித்து ஒருநாள் பள்ளிக்கூடத்து மரத்தடியில் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. இன்று நான் திரும்பிப் போகவில்லை. பாலத்தில் நினைப்பு வந்தது. வழக்கம்போலத்தான் வந்தது. ஆனால் என் சட்டையைப் பிடித்து இழுக்கவில்லை. வந்தது, பக்கத்தில் கொஞ்ச தூரம் வந்தது, எங்கேயோ நின்றுவிட்டது. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. குணமாவது இவ்வளவு சத்தமில்லாமல் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மணி அடித்தது. வகுப்புக்குப் போனேன். வரலாறு பாடம்.

நான் தெளிவாவதை வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள். பார்த்தவர்கள் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆடி மாதம் வீராம்பட்டினம் தேருக்குப் போயிருந்தோம். கூட்டத்தில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். எத்தனை பேர்மேல் இடித்திருப்பேன், எதையும் நினைக்கவில்லை. ராட்டினத்துக்குப் பக்கத்தில் உன் மாமா என் முதுகில் ஓங்கித் தட்டினார். "பாத்தியா தங்கச்சி, மாப்ள சிரிக்கறாப்ல. வுவாலா, அவ்ளோதான்! சோகம் போச்சு. இன்னும் எதுக்கு அந்த மாத்திர?" உன் அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தான் பாவி இல்லை என்று தீர்ப்பு வந்த நிம்மதி. நானும் தலையாட்டினேன். தாளில் சோகத்துக்கு என்று போட்டிருக்கிறது, சோகம் இல்லை, ஆகவே மாத்திரை வேண்டாம். தத்துவம் படித்தவனுக்கு இந்த வாதத்தில் ஓட்டை தெரியவில்லை. டாக்டரைக் கேட்க வேண்டும் என்று எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை. பிரெஞ்சு தெரிந்த வீட்டுக்கு டாக்டர் எதற்கு?

நிறுத்தியதும் சில நாள் குமட்டல், மயக்கம். அது போயிற்று. எல்லாம் சரி என்று இருந்தோம். பிறகு பழையது வந்தது, முன்பைவிட வேகமாக. இப்போது பாலத்துக்குத் திரும்பிப் போவது போதவில்லை. ஆற்றோரம் இறங்கி நடந்தேன். அதுவும் போதாமல் ஒருநாள் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குள் போய்விட்டேன். ஆற்றில் ஏதாவது உடல் ஒதுங்கியதா என்று கேட்டேன். மேஜைக்குப் பின்னால் இருந்த ஏட்டு நிமிர்ந்தார்.

"யாரு சார் காணாமப் போனது?"

"யாரும் இல்ல."

"அப்புறம்?"

"நான் யாரையாவது தள்ளியிருப்பேனோன்னு..."

"தள்ளுனீங்களா?"

"தெரியல."

"எங்க தள்ளுனீங்க?"

"பாலத்துல. தள்ளியிருந்தா."

அவர் தன் சிவப்புத் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். உட்காருங்க சார் என்றார். டீ வரவழைத்தார். வீட்டுக்கு ஆள் அனுப்பினார். உன் மாமா கோட்டில் மெடல்களைக் குத்திக்கொண்டு வந்து சேர்ந்தார். "ஏட்டய்யா, இவரு எங்க ஊட்டு மாப்ள. ஒரு கொசுவக்கூட அடிச்சதில்ல" என்றார். ஏட்டு கையை விரித்தார். "அதத்தாங்க நாங்களும் காலைலேருந்து சொல்றோம். அவருதான் ஒத்துக்கமாட்டேங்கறாரு."

இன்று சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அன்று அந்தப் பெஞ்சில் என்னைப் பூட்டி வைத்தால் நன்றாக இருக்கும் என்று உண்மையாகவே நினைத்தேன். பூட்டிவிட்டால் யாரையும் இடிக்க முடியாது. அந்த இடம்வரை போய்வந்தவன் சொல்கிறேன்: கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை இது.

அங்கிருந்து நேராக டாக்டரிடம் போனோம். மாமாவும் வந்தார். மடித்த தாளைக் கையில் வைத்திருந்தார், சாட்சி மாதிரி. டாக்டர் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. "அதுல இருக்கறது பொய் இல்ல. சோகத்துக்குத்தான் மொதல்ல இந்த மருந்து வந்துது. குடுத்துப் பாத்தப்போ, இவரு மாதிரி திரும்பத் திரும்பப் போய்ப் பாக்கறவங்களுக்கும் கேக்குதுன்னு தெரிஞ்சுது. இவருக்கு நான் சோகத்துக்குக் குடுக்கல. இதுக்கு மெதுவாத்தான் கேக்கும். நல்லா ஆயிட்டோம்னு அவங்களா நிறுத்தக்கூடாது. நிறுத்தணும்னா நான் சொல்றேன், கொஞ்சம் கொஞ்சமாக் கொறைக்கணும்." பிறகு மாமாவைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க சைகோன்ல இருந்தீங்களே, மலேரியாவுக்கு மாத்திர குடுத்தா காய்ச்சல் விட்ட அன்னிக்கே தூக்கிப் போட்டுடுவீங்களா?" மாமா தாளைக் கோட்டுப் பைக்குள் வைத்தார். "நோன், மாட்டோம்" என்றார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டில் எந்த மருந்துத் தாளையும் படித்ததில்லை. சோப்பு உறையைப் படிப்பதை மட்டும் விடவில்லை.

டாக்டர் உன் அம்மாவுக்கும் ஒரு வேலை கொடுத்தார். நான் கேட்டால் பதில் சொல்லக் கூடாது. இல்லை என்றும் சொல்லக் கூடாது, ஆமாம் என்றும் சொல்லக் கூடாது. பதில் சொல்லச் சொல்ல அந்தக் கேள்வி கொழுக்கும் என்றார். மாத்திரையை விழுங்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. பதில் கிடைக்காமல் இருப்பதுதான் கஷ்டம். "இன்னைக்கு யாரையாவது இடிச்சிருப்பேனா?" என்பேன். அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே இருப்பாள். "சொல்லேன்." "டாக்டரு சொல்லக்கூடாதுன்னாரு." "ஒரே ஒரு தடவ." "இடிச்சாலும் இடிச்சிருப்பீங்க, எனக்கு இன்னா தெரியும்? முருங்கக்கீரை பொரியலா, கூட்டா?" எனக்குக் கோபம் வரும். எழுந்து தெருவுக்குப் போவேன். திரும்பி வந்தால் கூட்டு இருக்கும். அவள் கண் சிவந்திருக்கும். சொல்லாமல் இருக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று. மாத்திரை பாதி, உன் அம்மாவின் வாய் மூடியிருந்தது பாதி. அப்படித்தான் நான் திரும்பி வந்தேன்.

இன்னமும் சாப்பிடுகிறேன். அளவு குறைந்திருக்கிறது. நினைப்பு அறவே போய்விடவில்லை. மழைக்காலத்தில், வேலை அதிகமான நாட்களில், எட்டிப் பார்க்கும். நான் மாறிவிட்டேனா, மருந்து என்னை வேறு ஆளாக்கிவிட்டதா என்று ஆரம்பத்தில் அஞ்சினேன். உனக்கும் அந்தப் பயம் உண்டு, நீ சொல்லாவிட்டாலும். நான் மாறவில்லை. பாலத்தில் கழிந்த காலை நேரங்கள் எனக்குத் திரும்பக் கிடைத்தன. அவற்றில் செய்தித்தாள் படித்தேன், உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன், சும்மா இருந்தேன். என் சோகங்கள்கூட என்னிடமே இருக்கின்றன. உன் மாமா செத்தபோது எல்லோரையும் போல அழுதேன்.

ஒரு தவறு மட்டும் தொடர்ந்தது. போலீஸ் ஸ்டேஷன் விவகாரத்துக்குப் பிறகு வீட்டில் மாத்திரைக்கு வேறு பெயர் வைத்தோம். பிரஷர் மாத்திரை. உனக்கும் அதையேதான் சொன்னோம். பொய்யைக் காப்பாற்ற உன் அம்மா விருந்தாளி வந்தால் என் குழம்பில் உப்பைக் குறைத்தாள். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது என் இலையிலிருந்து ஊறுகாயை எடுத்துவிடுவார்கள். "பிரஷரு சார், பாத்துச் சாப்புடுங்க." இல்லாத நோய்க்காக இத்தனை வருடம் அப்பளம் இல்லாமல் சாப்பிட்டிருக்கிறேன். இது தமாஷ் இல்லை. போன வாரம் நான் சொல்லும்வரை இந்த வீட்டில் இப்படி ஒரு நோய் இருந்ததே உனக்குத் தெரியாது. அதனால்தான் காரைக்காலில் நீ தனியாக அந்தக் கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தாய். உலகத்தில் உனக்கு மட்டும்தான் இது என்று நினைத்துக்கொண்டு. என் அலமாரியில் உன் நோயின் மாத்திரை இருந்தது, வேறு பெயரில்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். உனக்குக் கோபம் வரும். புதன்கிழமை வில்லியனூரிலிருந்து உன் வருங்கால மாமனார் வந்தார். பத்திரிகை அடிப்பதைப் பற்றிப் பேச. மில்லில் வேலை பார்த்தவர், சத்தமாகத்தான் பேசுவார், உனக்குத் தெரியுமே. சாப்பிட்டோம். சாப்பிட்டதும் நான் வழக்கம்போல மாத்திரையை எடுத்தேன். "என்ன மாத்திர சம்பந்தி?" என்றார். அம்மா உள்ளேயிருந்து "பிரஷ..." என்று ஆரம்பித்தாள். பிரஷர் இல்லை என்று நான் சொன்னேன். இன்னது என்று சொன்னேன். பாலத்தைச் சொன்னேன், போலீஸ் ஸ்டேஷனைச் சொன்னேன். என்னைப் பற்றி மட்டும். அம்மா கதவருகில் அப்படியே நின்றாள். அவர் வெற்றிலையை மடித்தார், வாயில் போடவில்லை.

"இதுல ஆள அடிப்பாங்களா?"

"இல்ல."

"குடிப்பாங்களா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"அப்ப குடிச்சுட்டு ஆள அடிக்கற என் தம்பிக்கு இதுவே வந்திருக்கலாம்" என்றார். சிரிக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தி நான் கேட்டதே இல்லை. "மாப்பிள்ளைக்கு?"

தம்பி, இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. உன் அம்மாவின் கண் அதைத்தான் கேட்டது. "அத அவன்தான் சொல்லணும்" என்றேன். அதுவே பதில் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்தது. வெற்றிலையை மறுபடி தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். செருப்பை மாட்டும்போது சொன்னார்: "ஞாயித்துக்கெழம வரைக்கும் நான் ஊட்ல வாயத் தொறக்கமாட்டேன் சம்பந்தி. மாப்பிள்ள வரட்டும். எங்கிட்ட இல்ல, எம்பொண்ணுகிட்ட சொல்லட்டும். வாழப்போறது அது. வேணும்னா வேணும், வாணாம்னா வாணாம்." பத்திரிகை மாதிரிகளை எடுத்துக்கொண்டு போனாரா, விட்டுவிட்டுப் போனாரா என்று நான் பார்க்கவில்லை. எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார் என்று அம்மா சொல்கிறாள். அதை வைத்து எதையும் நினைத்துக்கொள்ளாதே.

நான் செய்தது சரிதானா என்று உன்னிடம் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ ஏதாவது சொல்வாய், அது ஒரு சாயங்காலம் தாங்கும். சரியாக இல்லாமலும் இருக்கலாம். அதோடு நான் இருந்துகொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை காரைக்காலிலிருந்து வந்து வில்லியனூருக்குப் போ. நான் கூட வரவில்லை. அம்மாவும் வரமாட்டாள். அந்தப் பெண்ணிடம் உன் வாயால் சொல். கம்பத்தைச் சொல், லைன்மேன்கள் கையைக் காலை ஆட்டுவதைச் சொல், உன் அப்பாவைச் சொல். அவள் நிறையக் கேட்பாள். தெரிந்ததற்குத் தெரிந்ததைச் சொல். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்.

அவள் வேண்டாம் என்று சொன்னால், ஜாகைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் பிரித்துப் போட்டுக்கொள். அவள் சரி என்று சொன்னாலும், ஜாகைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் பிரித்துப் போட்டுக்கொள்.

அப்பா